இலை போடாத விருந்து

காரில் ஏறும்போதே நீலாவதி சட்டத்தைச் சொல்லிவிட்டாள்.

"காப்பி குடிக்கலாம். பலகாரம் துன்னலாம். இலையில மட்டும் ஒக்காரக் கூடாது. புவனா தலையாட்டுனாத்தான் இலை. இன்னாங்க, காதுல வுழுதா?"

"வுழுது, வுழுது" என்றபடி துரைக்கண்ணு வண்டியைக் கிளப்பினார்.

மாப்பிள்ளை வீட்டில் பெண்வீட்டார் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்குவது கிடையாது. துரைக்கண்ணுவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால், அவருடைய தங்கைக்காக ஒடுகத்தூரில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், அவருடைய அப்பா பசி பொறுக்காமல் இலையில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது மறுநாள் தெரிந்தது. கல்யாணம் நடந்தது. தங்கை இன்றைக்கும் ஒடுகத்தூரில்தான் இருக்கிறாள்.

பின்சீட்டில் புவனா சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயது முப்பத்தொன்று. வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் வேலை. சளி, ரத்தம், சிறுநீர். அவளைப் பார்க்க வந்தவர்களில் நான்கு பேர் இந்த வேலையைக் கேட்டதும் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். பாலமுருகன் வைக்கவில்லை. "அப்ப உங்களுக்கு எதப் பாத்தாலும் கொமட்டாது, இல்ல?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு மாதம் போனில் பேசியிருக்கிறார்கள். தலையாட்டிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் இன்று புறப்பட்டிருந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

அவனுக்கு ஆரணியில் வீடு உண்டு. அதில் அவனுடைய அம்மா சிவசங்கரி மட்டும் இருந்தாள். அவன் படித்தது ஓட்டல் படிப்பு. ஏழு வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு, ஜமுனாமரத்தூரைத் தாண்டி நிலம் வாங்கி, 'அடிவேர்' என்று ஒரு உணவகம் கட்டியிருந்தான். மாடியில் அவன் குடியிருப்பு. "என் வூடே அதுதாங்க. அங்கயே வந்து பாத்துடுங்க" என்று சொல்லியிருந்தான்.

அவர்கள் ஊரான கண்ணமங்கலத்திலிருந்து சந்தவாசல், போளூர், அப்புறம் மலை ஏற்றம். சாமைக் கொல்லைகள் அறுப்பு முடிந்து மொட்டையாகக் கிடந்தன. பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

வாசலில் தட்டு வைத்திருந்தார்கள். ஆரத்தித் தட்டு இல்லை. அகலமான தகரத் தட்டு, அதில் வெதுவெதுப்பான சேறு.

"செருப்பக் கழட்டிட்டு இத மிதிச்சிகினு வரணுமாம்" என்றாள் அங்கே நின்ற பெண். இருபத்தைந்து வயதிருக்கும். மலையூர்ப் பெண். கோணிநிறப் புடவையைச் சீருடையாகக் கட்டியிருந்தாள். ரவிக்கையில் தேவயானி என்று பெயர் குத்தியிருந்தது. பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா?" என்றார் துரைக்கண்ணு.

"மண்ணு ஒடம்புல படணுமாம்."

துரைக்கண்ணு வேட்டியைத் தூக்கிப் பிடித்து மிதித்தார். சேறு விரல் இடுக்கில் பிதுங்கியது. தனக்கு முன்னால் எத்தனை கால் இதில் இறங்கியிருக்கும் என்று புவனா யோசித்தாள். யோசித்திருக்க வேண்டாம்.

உள்ளே ஆறு மேசைகள். சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு வெளியே பள்ளத்தாக்கு. பாலமுருகன் கறுப்புச் சட்டையில் ஓடிவந்து துரைக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டான். சிவசங்கரி பட்டுப் புடவையில் எழுந்து நின்றாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"நீங்க சாப்டலியா?" என்று நீலாவதி அவளைக் கேட்டாள்.

"எனக்கு இன்னிக்குக் கிருத்திகைங்க. வெரதம்."

நீலாவதி விரலை மடக்கிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த கிருத்திகை போன வாரமே போய்விட்டது.

முதலில் வந்தது ஒரு கரித்துண்டு. கரி மாதிரி செய்யப்பட்ட சாமை அப்பளம். மேலே ஒரு சொட்டுத் தேன். தேனில் முசுறு எறும்புகள், செந்நிறத்தில், ஏழெட்டு. ஒன்றின் பின்கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"உயிரோடதான் வெக்கிறோம்" என்றான் பாலமுருகன். "கடிக்கிறப்ப எலுமிச்சம்பழம் மாதிரி வெடிக்கும். நீங்க கடிக்கிறதுக்கு முன்னாடி அது உங்களக் கடிக்கக் கூடாது, அவ்ளோதான்."

துரைக்கண்ணு பலகாரம் என்று எடுத்துக்கொண்டார். மல்லாட்டை மண்டிக்காரர். ஒரு கடலையை முன்பல்லால் கடித்து, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். வாயில் போட்டதைத் துப்பி அவருக்குப் பழக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நீலாவதி முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் துடைத்தாள். துடைத்த முந்தானை மடியில் போய்ச் சுருண்டது. புவனா கடித்தாள். புளிப்பு நிஜமாகவே இருந்தது. கூடவே ஏதோ ஒன்று பல்லில் மாட்டிக்கொண்டது. மெல்லியது, விறைப்பானது. நாக்கால் தள்ளினாலும் போகவில்லை.

பக்கத்து மேசையில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு தம்பதி. அந்தப் பெண் எறும்பை வாயில் வைத்ததும் கண் கலங்கிவிட்டாள். கணவன் அதைப் படம் எடுத்தான். "ஓ காட்" என்று அவள் மூன்று முறை சொன்னாள். அதற்கடுத்த மேசையில் சென்னையிலிருந்து வந்த ஒரு பருத்த மனிதர், எறும்பைத் தட்டோடு ஒதுக்கிவைத்துவிட்டு, "தயிர்சாதம் இருக்குமா தம்பி?" என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்றார்கள்.

இரண்டாவது, காடை முட்டையின் பச்சைக் கரு. ஓட்டுக்குள் அசைந்தது. ஓட்டில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. அதை வேண்டுமென்றே விட்டுவைத்திருப்பதாகப் பாலமுருகன் சொன்னான்.

மூன்றாவது, ஆளுக்கொரு ஈரக் கல். கல்லின்மேல் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு கொழகொழப்பு.

"இத கையால எடுக்கக் கூடாதாம். கரண்டியும் கெடையாதாம்" என்றாள் தேவயானி. "நாக்காலதான் எடுக்கணுமாம்."

"நக்கணுமா?" என்றாள் நீலாவதி.

"ஆமாங்கம்மா."

"நாங்க இன்னா நாயா?"

பாலமுருகன் சத்தமாகச் சிரித்தான். "அதேதான் அத்தை! அந்தக் கூச்சம் உடையணும். மழ பேஞ்சா பாறையில வர்ற பாசி. ஒரு துளி வெல்லம்கூடச் சேர்க்கல."

புவனா கல்லைப் பார்த்தாள். இது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மூடி போட்ட சின்ன டப்பாக்களில் தினமும் நாற்பது வரும். நிறம், கெட்டி, நூல் இழுக்கிறதா இல்லையா என்று எழுதுவாள். இது நூல் இழுக்கும். கண்ணால் பார்ப்பது வேறு, நாக்கில் வைப்பது வேறு. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "எதப் பாத்தாலும் கொமட்டாது" என்று அவளைப்பற்றி எல்லோரிடமும் சொல்லியிருப்பான்போல. அவள் குனிந்து நாக்கை நீட்டினாள். குளிர்ந்த கல். அந்தக் கொழகொழப்பு நாக்கோடு வந்து, தொண்டையில் பாதி இறங்கி, பாதி நாக்கிலேயே நின்றது. தண்ணீர் குடித்தாள். நூல் அறுந்தது.

அப்பாவும் நக்கினார். நெற்றி வியர்த்திருந்தது. மாப்பிள்ளை பக்கம் பார்த்து, "வித்தியாசமா கீதுங்க" என்றார். அப்புறம் மனைவியின் பக்கம் சாய்ந்து, "இலை எப்பப் போடுவாங்க?" என்று கேட்டார்.

"போடட்டும், போடட்டும். புவனா இன்னும் சொல்லல."

"பசி காதை அடைக்குது நீலா."

நான்காவது ஆட்டு நாக்கு. முழுதாக, மேல்தோல் உரிக்காமல், வெந்நீரின் சூட்டோடு. ஐந்தாவது ஆட்டு ரத்தத்தில் செய்த ஐஸ்கிரீம். ரத்தம் துரைக்கண்ணுவுக்குப் புதிதில்லை. வெங்காயம் போட்டுப் பொரியல் செய்தால் இரண்டாம் முறை கேட்டு வாங்குவார். இது சில்லென்று, தித்திப்பாக, நாக்கில் கரைந்து, இரும்பு வாடை மட்டும் மிஞ்சியது. அவர் ஒரு வாய் எடுத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் பள்ளத்தாக்கைப் பார்த்தாள். மிச்சத்தையும் அவரே விழுங்கினார்.

ஆறாவது ஒரு மூங்கில் குவளை. அதில் வெள்ளையாக, லேசாக நுரைத்து, கூழ்.

பாலமுருகன் எழுந்து நின்றான். மற்ற மேசைகளும் திரும்பின. "மலைத்தாயின் கூழ்" என்றான். "இந்த மலையில பரம்பரை பரம்பரையா பெண்கள் செஞ்சுட்டு வந்தது. எப்பிடிச் செய்றாங்கன்னு குடிச்சு முடிச்சதும் சொல்றேன். மொதல்ல குடிங்க."

புவனா தயங்கித்தான் வாயில் வைத்தாள். நன்றாக இருந்தது. அன்றைக்கு அவள் வாயில் பட்டதில் அது ஒன்றுதான் சாப்பாடு மாதிரி இருந்தது. மெல்லிய புளிப்பு, அடியில் சாமையின் இனிப்பு. எறும்பு, பாசி, இரும்பு வாடை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு இறங்கியது. இன்னொரு குவளை கேட்டாள். பாலமுருகன் தானே ஊற்றினான். ஊற்றும்போது அவன் முகத்தில் தெரிந்த சந்தோஷம் அவளையும் தொற்றியது. இப்போதே தலையாட்டிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

பல்லில் சிக்கிய எறும்புக்கால் இன்னும் போகவில்லை. வாய் கொப்பளிக்க எழுந்தாள்.

பின்பக்கம் என்றார்கள். இரண்டு கதவுகள். தவறான கதவைத் திறந்தாள்.

தகரக் கொட்டகை. கீழே கோணி விரித்து ஐந்து பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாத்திரம் மடியில். நடுவில் அவித்த சாமை குவிந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பிடி அள்ளி வாயில் போடுகிறார்கள். மெல்கிறார்கள். விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பி, தாடை சுற்றி, கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரத்தில் துப்புகிறார்கள். அப்புறம் இன்னொரு பிடி. யாரும் பேசவில்லை. ஐந்து வாய் மெல்லும் சத்தம் மட்டும், மாட்டுக்கொட்டகையில் கேட்பதுபோல. துப்பியது பாத்திரத்தில் வெள்ளையாக, லேசாக நுரைத்துக் கிடந்தது.

புவனா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னாலேயே தேவயானி வந்தாள். "பாத்ரூம் அந்தப் பக்கம்க்கா" என்றாள். பிறகு புவனாவின் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ. சார் இன்னும் சொல்லலியா?"

"நீங்களும் மெல்றீங்களா?"

"எனக்கு இன்னும் ரெண்டு பிடி பாக்கி. நீங்க எல்லாம் போனப்புறம்."

"இது உங்க ஊரு வழக்கமா?"

"எது, துப்புறதா?" தேவயானி வாயை மறைத்துச் சிரித்தாள். "எங்க ஊருல சோத்துல எச்சி துப்புனா செருப்பாலயே அடிப்பாங்கக்கா. சார் எங்கியோ வெளிநாட்டுல பாத்துட்டு வந்தாரு."

சுவரோரப் பெண்களில் மூத்தவள், மங்கம்மாள், வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, "சிரிக்க வெக்காதடி, எரியுது" என்றாள். உதட்டோரம் வெடித்துச் சிவந்திருந்தது. உள்ளேயும் அப்படித்தான் இருக்கும் என்று புவனாவுக்குத் தெரிந்தது.

"வாயில புண்ணு. எத்தினி நாளா?"

"மாசம் ஒண்ணாவுது. காரம் வெக்க முடியல. மோரக் கரைச்சுக் குடிச்சிகினு கீறோம். மெல்ற நாளுல வெத்தல ஆவாது, காப்பி ஆவாது, பேசவும் ஆவாதாம். ருசி மாறிடுதாம் அவருக்கு."

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"சார்கிட்ட காட்டுனோம். புண்ணு இருந்தாத்தான் புளிப்பு நல்லா ஏறுதுன்னாரு."

புவனா குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். ஒருமுறை, இரண்டு முறை, எண்ணவில்லை. எச்சிலைக் கண்டு அவள் அருவருத்து வருடங்கள் ஆகின்றன. ஒரு நாளுக்கு நாற்பது பேருடையதை அவள் கண்ணாடித் தகட்டில் தேய்க்கிறாள். இப்போது இன்னொரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டாள். அவன் ஊற்றியபோது பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. இரண்டாவது குவளையை அவள் கேட்டு வாங்கியதும் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது மேசையில் ஆளுக்கொரு மண்குடுவை இருந்தது. பாலமுருகன் மூடியைத் திறந்தான். புகை வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"மோந்து பாருங்க" என்றான். "காட்டுத்தீ அணைஞ்ச மறுநாள் வர்ற வாசன. இதுதான் கடைசி ஐட்டம்."

துரைக்கண்ணு மோந்து பார்த்தார். குடுவையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் துழாவினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, மேசையின் நடுவைக் கையால் ஒதுக்கி, இலைக்கு இடம் பண்ணினார்.

இலை வரவில்லை. சிவசங்கரி பக்கத்தில் வைத்திருந்த பையிலிருந்து ஒரு வெள்ளித் தட்டை எடுத்தாள். பூ, பழம், வெற்றிலை பாக்கு, ஒரு டஜன் கண்ணாடி வளையல். தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"எடுத்துக்கோங்க சம்பந்தி. கை நனைச்சாச்சு. இனிமே எல்லாம் ஒரே குடும்பம்."

துரைக்கண்ணு சிரித்தார். "இருங்கம்மா. இன்னும் இலையே போடலியே."

"இங்க இலை கெடையாது மாமா" என்றான் பாலமுருகன். "ஏழு ஐட்டம். நீங்க ஒண்ணு விடாம சாப்ட்டீங்க. பெங்களூர்க்காரங்களே பாதியிலே நிறுத்திடுவாங்க."

"அது பலகாரம் தம்பி."

"அதான் சாப்பாடு மாமா."

துரைக்கண்ணுவின் சிரிப்பு அப்படியே நின்றது. மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். காலியான குடுவையைப் பார்த்தார்.

"அப்ப நான் சாப்ட்டுட்டனா?" என்றார்.

"சோறு எங்க போட்டீங்க?" நீலாவதி குரலை உயர்த்தினாள். "ஒரு பருக்க சோறு இல்ல. சோறில்லாம எது சாப்பாடு? கல்ல நக்குனதெல்லாம் சாப்பாடா?"

"சாமைக் கூழ் குடிச்சாங்களே" என்றாள் சிவசங்கரி. "உங்க பொண்ணு ரெண்டு தரம் கேட்டு வாங்கிக் குடிச்சுதே. நான்தான் பாத்துனே இருந்தேனே."

எல்லோரும் புவனாவைப் பார்த்தார்கள்.

"அது எப்பிடிச் செய்றாங்கன்னு இப்பச் சொல்லுங்க" என்றாள் புவனா.

பாலமுருகன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கொட்டகையைப் பார்த்துவிட்டாள் என்று புரிந்திருக்கும். கூச்சப்படவில்லை. அவளிடமிருந்து மறைக்க ஒன்றுமில்லை என்பதுபோல் முன்னால் சாய்ந்து, அவளுடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நிதானமாக விளக்கினான். மெல்லுவது, துப்புவது, எச்சிலில் சாமை புளிப்பது, மூன்று நாள் மூடிவைப்பது. தான் ருசித்த ஒரு நல்ல விஷயத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் குரல். பக்கத்து மேசைப் பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கைதட்டினாள். அவள் கணவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

நீலாவதி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். துரைக்கண்ணு அசையவில்லை.

"சொல்லிட்டுக் குடுத்திருக்கலாம்" என்றாள் புவனா.

"சொன்னா யாரு குடிப்பா? குடிச்சப்புறம்தான் சொல்லணும். செலபேரு வாந்தி எடுப்பாங்க, செலபேரு அழுவாங்க. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். வீட்டுக்குப் போய் மறக்கக் கூடாது. நீங்க வாந்தி எடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

"பரம்பரை வழக்கம்னு சொன்னீங்க."

"கதை இல்லாம சாப்பாடு இறங்குமா?"

"நீங்க மென்னு பாத்தீங்களா?"

"நானா?" அவன் வாய்விட்டுச் சிரித்தான். "எனக்கு ஒரு பிடிக்கே கொமட்டிடுச்சு. அதுக்கெல்லாம் ஒரு பொறுமை வேணுங்க. பொம்பளைங்களாலதான் முடியும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இருங்க, ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். நம்ம கல்யாணத்தன்னிக்கு மொதப் பானை நீங்க மெல்றீங்க. கல்யாணப் பொண்ணு மென்ன கூழ். இருநூறு பேர். ஒருத்தனும் சாகுற வரைக்கும் மறக்க மாட்டான்."

அவன் கண் மின்னியது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதைவிடப் பெரிய பரிசு அவனிடம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"நல்ல யோசனதான்டா" என்றாள் சிவசங்கரி. அன்று காலையிலிருந்து அந்த வீட்டில் அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

புவனா எழுந்தாள். "அம்மா, கெளம்பு."

"தட்டு?" என்றாள் சிவசங்கரி.

துரைக்கண்ணுவின் கை தட்டின் பக்கம் போனது. நின்றது. தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. "ஊருக்குப் போய்ப் போன் பண்றங்க" என்றார். குனிந்த தலை நிமிரவில்லை.

கார் கிளம்பியது. ஜமுனாமரத்தூர் சந்தைக்கடைகள் போயின. டீக்கடை வந்தது. துரைக்கண்ணு நிறுத்தவில்லை. நீலாவதி மடியிலிருந்த முந்தானைச் சுருளைச் சன்னலுக்கு வெளியே உதறினாள். கரி அப்பளம், எறும்பு, நாக்குத் துண்டு.

"நீ ஒண்ணும் துன்னலியா?" என்றார் துரைக்கண்ணு.

"எனக்கென்ன தலையெழுத்தா?"

"நீ துன்னாததுக்கு மதிப்பில்ல. நான்தான் துன்னேன்." இறக்கத்தில் கியரை மாற்றினார். "கை நனைச்சாச்சு."

"எனக்கு வேணாம்ப்பா" என்றாள் புவனா.

"வேணாம்னு எனக்குத் தெரியாதா? நானும் அங்கதானே ஒக்காந்துனு இருந்தேன். எந்த வாய வெச்சிகினு சொல்றது? நாளைக்கு அந்தப் பொம்பள ஆரணி முச்சூடும் சொல்லுவா. கண்ணமங்கலத்தான் ஏழு தட்டும் வழிச்சுத் துன்னுட்டு, ஏப்பம் வுட்டுட்டு, பொண்ணு குடுக்க மாட்டேங்கிறான்னு."

"சொல்லட்டும்."

"உங்க தாத்தாவும் இப்பிடித்தான் ஒரு நாள் துன்னுட்டாரு."

"அதனாலதான் அத்தை இன்னிக்கும் ஒடுகத்தூர்ல அழுதுனு கீறாங்க. அதே மாதிரி நான் அந்தக் கொட்டாயில ஒக்காந்து மெல்லணுமா?"

அவருடைய தாடை இறுகியிருந்தது. அவர் முகம் வெளுத்துவருவதைப் புவனா கண்ணாடியில் பார்த்தாள். காதோரம் வியர்வை வழிந்தது. இது வேறு வெளுப்பு என்று அவளுக்குத் தெரிந்தது.

"அப்பா, வண்டிய ஓரங்கட்டுங்க."

ஏழாவது வளைவில் நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கி, தடுப்புச் சுவரைப் பிடித்துக் குனிந்தார்.

முதலில் கூழ் வந்தது. பிறகு ரத்தம், கறுப்பாக. பிறகு நாக்கு, மென்றும் மெல்லாமலும். நடுவில் மூச்சு வாங்க நின்றார். முதுகைத் தட்டிய நீலாவதியின் கையை ஒதுக்கிவிட்டு மறுபடியும் குனிந்தார். பச்சையாகப் பாசி நூல் இழுத்து வந்து உதட்டில் தொங்கியது. அவரே விரலால் பிடித்து இழுத்தார். கடைசியில் மஞ்சள் தண்ணீர், அதற்குப் பின் வெறும் ஓங்கரிப்பு. நாற்றம் சாலையெல்லாம் அடித்தது. மேலேறி வந்த பஸ்ஸிலிருந்து யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

புவனா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் வாயைக் கொப்பளித்தார். முகத்தைக் கழுவினார். பிறகு நிமிராமல், கீழே கிடந்ததை உற்றுப் பார்த்தார். மண்டியில் மூட்டையைக் கொட்டிப் பார்ப்பதுபோல, ஒரு குச்சியை எடுத்து இப்படியும் அப்படியும் ஒதுக்கிப் பார்த்தார். எறும்புகள் இருந்தன. செந்நிறம் மாறவில்லை.

"இன்னாங்க அசிங்கம் இது, வாங்க" என்றாள் நீலாவதி.

"இரு." இன்னும் கொஞ்சம் பார்த்தார். "எல்லாம் வந்துடுச்சு. ஒண்ணும் உள்ள தங்கல."

குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனை எடுத்தார். சிக்னல் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டுப்பாறையில் ஏறினார். அங்கே நின்று போன் போட்டார். குரல் வழக்கமான மண்டிக் குரலாகிவிட்டிருந்தது.

"அலோ. சிவசங்கரியம்மாங்களா? துரைக்கண்ணு பேசறேன். ... இல்லீங்க, ஊருக்கு இன்னும் போவல. சேதி ஒண்ணுதான். சம்பந்தம் நமக்கு ஒத்துவராதுங்க. ... கை நனைக்கலீங்க. ... இல்லீங்கம்மா, நனைக்கல. நீங்க பாத்தது நெசம்தான். ஆனா துன்னது எதுவும் எங்கிட்ட இல்ல. ஏழாவது வளைவுல கீது. சந்தேகம்னா ஆள அனுப்பிப் பாத்துக்கோங்க. ஏழு ஐட்டமும் கீது. பொகை மட்டும் இல்ல."

நீலாவதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் காரின்மேல் சாய்ந்துகொண்டாள்.

புவனா வளைவின் அந்தப் பக்கம் போனாள். தடுப்புச் சுவரைப் பிடித்துக் குனிந்து இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னும் உள்ளே விட்டாள். எச்சில் மட்டும் நூலாக இறங்கியது. கூழ் வரவில்லை. அது செரித்துப் போய்விட்டது. அடிநாக்கில் அந்தப் புளிப்பு இன்னும் நன்றாகவே இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"புவனா, வாடி" என்று அம்மா கூப்பிட்டாள். "போளூர்ல சோறு துன்னுட்டுப் போலாம்னு அப்பா சொல்றாரு."

"நீங்க சாப்டுங்க" என்றாள். விரலை மறுபடியும் வாய்க்குள் விட்டாள்.